முப்பத்தேழு நிமிஷம்

பொன்மணியின் குரலுக்காகவே எங்கள் கடைக்குப் போன் செய்தவர்கள் உண்டு. "அந்தப் பொண்ணு இல்லையாம்மா? அதுகிட்ட குடு" என்று ஈரோட்டிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் என்னிடமே முகத்தில் அடித்த மாதிரி கேட்பார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு, கடையில் பதினோரு வருஷ சர்வீஸ். "சுப்புத்தாயக்கா பேசுனா வெடி வாங்க வந்தவன் வெடிச்சிருச்சுன்னு ஓடிருவான்" என்று சின்ன முதலாளி சபரிநாதன் கேலி பேசுவார். நானும் சிரித்துக்கொண்டு போனைப் பொன்மணியிடம் நீட்டிவிடுவேன். அந்தக் குரல் இப்போது இல்லை. அது போனதில் எனக்கும் பங்கு உண்டு. வேறு யாராவது அழகாக மாற்றிச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் எங்கள் பட்டாசுக் கடை. கீழே சரக்கு, மாடியில் போன் ரூம். ஆறு பெண்கள், ஆளுக்கு மூன்று போன். வெளியூர்க்காரர்கள் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்கள். நாங்கள் எஸ்டிமேட் போட்டு, பார்சல் லாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆடிப்பெருக்கில் ஆரம்பித்தால் தீபாவளி வரைக்கும் வாய் மூடாது. சரக்கு இருக்கிறதா என்று குடோனில் கேட்க வேண்டுமானால், "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை மேஜைமேல் குப்புற வைப்போம். குப்புறக் கிடக்கிற போனில் ஓர் ஆள் காத்திருக்கிறார், மல்லாந்து கிடந்தால் யாரும் இல்லை. இதுதான் எங்கள் மாடியின் கணக்கு. எங்கள் சொந்தப் போன்களைக் காலையிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுச் சின்ன முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் ஆபீஸ் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும்.

பொன்மணியின் அம்மா குருவம்மாளுக்கு அந்த ஆபீஸ் நம்பரில் ஏகப்பட்ட பெருமை. அச்சங்குளத்துக்காரி, மகள் கல்யாணமாகி ஆமத்தூருக்குப் போனபிறகு அங்கே தனியாகத்தான் இருந்தாள். இருபத்தைந்து வருஷம் பட்டாசு ஆலையில் திரி சொருகியவள். புருஷன் போனபிறகு ஒற்றையாளாக மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். மகள் மருந்தைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு ஒரு வைராக்கியம். எங்கள் ஊர்ப்பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. பொன்மணிக்கு எங்கள் மாடியில் நாற்காலியும் தலைக்கு மேலே காற்றாடியும் கிடைத்தபோது குருவம்மாள் ஒரு தூக்குவாளி நிறைய அதிரசம் கொண்டுவந்து ஆறு பேருக்கும் கொடுத்துவிட்டுப் போனாள். "எம்புள்ள வாயத் தொறந்தா போதும், லாரி லாரியாப் போகுதாம்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாளாம். தன் பட்டன் போனில் எங்கள் நம்பரைப் பக்கத்து வீட்டுச் சீனிச்சாமியிடம் கொடுத்துப் பதிந்து வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒருநாளும் அடித்ததில்லை. புள்ள வேலையைக் கெடுக்கக்கூடாதாம்.

போன தீபாவளி சீசன் எல்லா வருஷத்தையும்விட மோசம். நடுவில் மழை, அப்புறம் சரக்குத் தட்டுப்பாடு. ஏச்சும் பேச்சும் எங்கள் காதில்தான் விழும். ஆவணி முடியும்போதே பொன்மணியிடம் ஏதோ சரியில்லை என்று நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். என்னையே "சொல்லுங்க சார்" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒருநாள் ஆமத்தூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாலு வயது மகள் பிரீத்தி வந்து தண்ணி கேட்டது. பொன்மணி கடைக்குரலில், தேன் சொட்டச் சொட்ட, "கண்டிப்பாங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பாண்டிராஜும் நானும் அதற்கும் சிரித்தோம். புள்ளை மட்டும் சிரிக்கவில்லை, அதுவே போய்த் தண்ணி மோந்து குடித்தது.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு பேர் இருக்கிறது, சீசன் அலுப்பு. அலுப்பு எல்லோருக்கும் வரும். தீபாவளி முடிந்து கறிச்சோறு தின்று ரெண்டு நாள் தூங்கினால் போய்விடும். எனக்கு அப்படித்தான் போகும். அதனால் அவளுக்கும் போய்விடும் என்று நினைத்தேன். தன் வயிற்றை வைத்து அடுத்தவள் பசியை அளந்த கதை.

பார்சல் லாரிக்குக் கடைசி புக்கிங் நாள் வந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால். அன்றைக்கு எழுதாத பெட்டி அதற்குமேல் ஊர் போய்ச் சேராது. ஆகவே தமிழ்நாடே அன்றைக்குத்தான் கூப்பிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு லாரியை அனுப்பிவிட்டு டின்னைத் திறந்தபோது, ஆபீஸ் நம்பர் கிடைக்காமல் பொன்மணியின் போனிலேயே பாண்டிராஜ் பதினாறு தடவை கூப்பிட்டிருந்தான். குருவம்மாளுக்கு வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆறரை மணிக்குச் சீனிச்சாமி பெண்டாட்டி விளக்குப் போடவில்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். இடது கையில் போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாளாம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். மத்தியானம் மூணு மணிக்கு வாக்கில் வந்திருக்கிறது, மூணு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம், பேச்சு தப்பியிருக்கும். பேச்சு தப்பவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குப் பொன்மணி வேலைக்கு வந்துவிட்டாள்.

நாங்கள் அசந்துபோனோம். "அம்மாவ எங்க மாமியா பாத்துக்கிறாக" என்று சொல்லிவிட்டுப் போனை டின்னில் போட்டாள். சின்ன முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது, "பொறுப்புன்னா இதான்க்கா பொறுப்பு" என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். லாரி நின்றாலும் நேரில் வாங்க வருகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசிப் பத்து நாளும் அவள் குரலில் ஒரு சுருதி குறையவில்லை. குரல் அங்கே இருந்தது, ஆள் இல்லை. பெற்றவள் கட்டிலில் கிடக்கிறபோது மகள் கம்பி மத்தாப்பு நீளத்தை அப்படிச் சிரித்துச் சிரித்துச் சொன்னால் அது பொறுப்பா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் அவள் விழுந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பாய்விட்டு எழவில்லை, அவ்வளவுதான். நாலு நாள் கழித்து நான் போனபோது தலைவாரப் போன சீப்பு பாதி முடியில் நிற்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்குப் பாண்டிராஜ், "காலையில இருந்துக்கா" என்றான். தெருவில் எவன் போன் அடித்தாலும் இவள் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். தன் போனைச் சேலையில் சுற்றி அரிசிப்பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், பதில் வராது. பாண்டிராஜ் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினான். டவுன் டாக்டர் ரத்தம் கம்மி என்று மாத்திரை எழுதினார். பக்கத்து வீடுகளில் செய்வினை என்றார்கள். நான் மட்டும் விவரமானவள் மாதிரி, "சீசன் அலுப்புதான், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கார்த்திகையில் குருவம்மாளையும் ஆமத்தூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே அறையில் தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் பிரீத்தி செப்புச் சாமான் வைத்து விளையாடிக்கொண்டிருக்கும். குருவம்மாளிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டன் போனை இடது கையில் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டால் எடுக்கவே மாட்டாள். ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ்கள், "யார்கிட்ட ஆத்தா இம்புட்டு நேரம் பேசுறீக?" என்று சிரிப்பார்களாம். சோறு ஊட்டும்போதுகூடக் கை இறங்காது. பிடுங்கினால் அழுவாள். அதனால் விட்டுவிட்டார்கள், பாண்டிராஜ் பாவம் சார்ஜ்கூடப் போட்டுக் கொடுப்பான். பொன்மணி அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். மகளுக்குத் தாயைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது.

மார்கழிக் கடைசியில் சபரிநாதன் பதினெட்டு போன்களையும் என் முன்னால் பரப்பினார். "அக்கா, பொங்கல் வாழ்த்து அனுப்பணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசுனவுக நம்பரையெல்லாம் எடுத்து எழுதுங்க. அவுகதான் நெசமான கஸ்டமரு. அப்பறம் அந்தப் பொன்மணி எப்ப வருதுன்னு கேளுங்க, அது குரல்தான நம்ம கடையே."

எழுதிக்கொண்டே வந்தேன். பொன்மணியின் மூன்றாவது போனில், அந்தக் கடைசி புக்கிங் நாளில், மத்தியானம் ரெண்டு ஐம்பதுக்கு ஓர் அழைப்பு. முப்பத்தேழு நிமிஷம். யாரோ பெரிய வியாபாரி, மொத்தச் சரக்கு எடுத்தவன் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவன் பேர் தெரியாமல் இருக்கலாமா என்று நம்பரை அடித்தேன். எடுத்தார்கள்.

"வணக்கங்க, சிவகாசியில இருந்து பேசுறோம். தீபாவளிக்கு நம்மகிட்ட ஆர்டர் போட்டிருந்தீக..."

பதில் இல்லை. மூச்சு மட்டும் வந்தது. கொஞ்சம் கரகரத்த, நிதானமான மூச்சு. அதை நான் ஏற்கெனவே ஒருதடவை கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. பிறகு ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது. "யாருங்க? இது எங்க மாமியா போனு. அவுகளால பேச முடியாதுங்க."

பாண்டிராஜின் குரல் எனக்குத் தெரியாதா. ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் நடந்தது முழுவதும் எனக்கு ஞாபகம் வந்தது. பொன்மணி எழுந்து குடோன் படிக்கட்டில் நின்று சங்குசக்கரம் இருக்கிறதா என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் மேஜையில் ஒரு போன் குப்புறக் கிடந்தது. ரொம்ப நேரமாகக் கிடக்கிறதே, சின்ன முதலாளி பார்த்தால் ஏசுவாரே என்று நான் எடுத்துக் காதில் வைத்தேன். அடுப்பில் கிடந்த மாதிரி சூடு. "சொல்லுங்க" என்றேன். மூச்சு. "அல்லோ, யாரு வேணும்?" மூச்சு. பொம்பளைக் குரல் கேட்பதற்கென்றே கூப்பிட்டு மூச்சுவிடுகிற ஆண்கள் எங்களுக்குத் தினம் நாலு பேர் உண்டு. அவர்களில் ஒருவன் என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். பிறகு லைனை அறுத்துப் போனை மல்லாத்தி வைத்தேன்.

மூணு இருபத்தேழு. டாக்டர் சொன்ன நேரத்தில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் இந்தப் பாவம் என்னோடு கட்டை ஏறும். சொன்னால், பாதி உயிராகக் கிடக்கிற பிள்ளை மீதியையும் விட்டுவிடுமோ என்று பயம். சொல்லுவது அவள் நல்லதுக்கா என் நெஞ்சுப்பாரம் இறங்கவா என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பஸ் ஏறிவிட்டேன்.

பாண்டிராஜ் லோடு ஏற்றப் போயிருந்தான். பிரீத்தி தூங்கியது. குருவம்மாள் கட்டிலில் போனும் காதுமாக இருந்தாள். நான் பொன்மணியைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏ புள்ள, அன்னைக்கு ஒங்கம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

இரண்டரை மாதத்தில் அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. கரகரவென்று, யார் குரலோ மாதிரி இருந்தது.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனதுமே அம்மா போன எடுத்துப் பாத்தேன். கடைசியா அடிச்சது நம்ம ஆபீஸ் நம்பரு. என் போனுதான் அது."

"பெறகு எப்படிப் புள்ள மறுநாள் வேலைக்கு வந்த?"

"அங்கன உக்காந்திருந்தா அம்மா மொகத்தப் பாக்கணும்லக்கா."

தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். நடுநடுவே நின்றுபோனாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"பெத்தவ குரலு எனக்குத் தெரியலக்கா. நாக்குக் கொளறிப் பேசியிருக்கும். ஆனாலும் அம்மால்ல. 'சார், கிளியரா இல்ல, லைன்ல இருங்க'ன்னு சொல்லி வச்சிட்டேன். சார்னு சொன்னேன். ஆவணியில இருந்தே அப்படித்தான், யார் பேசுனாலும் ஒரே ஆளு பேசுற மாதிரிதான் கேக்கும். பிரீத்தி அளுதாக்கூட எவனோ தள்ளுபடி கேக்குற மாதிரி எரிச்சலா இருக்கும். எனக்குள்ள ஏதோ செத்துப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சது. யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் சீசன் அலுப்புன்னீக. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

எல்லாரும் என்றால் அதில் முதல் ஆள் நான்.

"அறுத்தது நான்தான் பொன்மணி" என்றேன். "நீ படிக்கட்டுல நின்ன. நான் எடுத்தேன். எவனோன்னு நெனச்சு அறுத்துட்டேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்ட என்ன சொன்னீக?"

"வஞ்சேன்."

"என்னன்னு?"

சொன்னேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அழுதேன். அவளுக்கு அழுகை வரவில்லை.

"அப்ப, வைக்கச் சொல்லி யாருமே சொல்லல" என்றாள் கடைசியில். "நான் இருக்கச் சொன்னேன். நீங்க வஞ்சீக. போன வச்சிரும்மான்னு ஒருத்தரும் சொல்லல. அதான் அம்மா இன்னும் லைன்லயே இருக்கு."

எழுந்து என் முன்னால் கையை நீட்டினாள். என் போனைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கொடுத்தேன். வாங்கியதுமே அவளுக்குக் குமட்டியது. தொட்டி ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்து, வாயைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் போனை எடுத்தாள். "நீங்க உள்ள போயி அம்மா பக்கத்துல இருங்க" என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன். குருவம்மாள் கையில் போன் அடித்தது. அவள் கட்டைவிரல் தானாகப் பச்சைப் பட்டனை அமுக்கிற்று. பின்வாசல் வழியாகவும் போன் வழியாகவும் எனக்கு அந்தக் குரல் கேட்டது.

"இம்புட்டு நேரம் லைன்ல இருந்ததுக்கு..."

அது நாங்கள் காத்திருக்க வைத்தவர்களிடம் சொல்லுகிற கடை வாசகம். வாய்ப்பழக்கத்தில் வந்திருக்கிறது. பாதியில் நின்றுவிட்டாள். பொன்மணி மேற்கொண்டு பேசுவாளா மாட்டாளா என்று நான் குருவம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் கதவுப்பக்கம் போயிருந்தது.

"அம்மா. நான் பொன்மணி."

குருவம்மாளின் கோணிய வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"லேட்டாயிருச்சும்மா. நீ சொன்னது எனக்குக் கேக்கல. இனி இருக்க வேணாம். போன வச்சிரும்மா."

அந்தக் கை இறங்கியது. மூன்று மாதமாக ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் யாராலும் இறக்க முடியாத கை. போனைப் போர்வைமேல் வைத்துவிட்டு, விரல்களை ஒருதடவை விரித்து மடக்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டேன். என்ன சொல்வதற்காக அன்றைக்குக் கூப்பிட்டாள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சபரிநாதனிடம் பொன்மணி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். வேறு குரல் பார்த்துக்கொள்ளட்டும். அவள் சுகமாகிவிட்டாளா என்று கேட்கிறார்கள். தலையைத் தானே வாரிக்கொள்கிறாள். பிரீத்தி தண்ணி கேட்டால் எழுந்து போய் மோந்து கொடுக்கிறாள். அம்மாவுக்கு ஒன்று இரண்டு சொல்லிக் கொடுக்கிறாள், குருவம்மாளுக்கு மூன்றுக்குமேல் வரவில்லை. சில நாள் காலையில் பாய்விட்டு எழமாட்டாள், அன்றைக்கெல்லாம் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதற்குப் பேர் சுகமா என்று எனக்குத் தெரியாது. அலுப்பு என்று மட்டும் இனி சொல்லமாட்டேன்.

அந்தக் கை இறங்கிய அன்றைக்கு, குருவம்மாள் தூங்கியபிறகு நான் பின்வாசலுக்கு வந்தேன். பொன்மணி தொட்டியில் சாய்ந்தபடி என் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் கேட்க ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். வாங்கி அறுத்துவிட எனக்குக் கை நீண்டது. இந்தத் தடவை நான் அதைச் செய்யவில்லை. அவளாக வைக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றேன்.